ஆயுத பூஜைப் பொட்டு வைத்த கிடார்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேச வேண்டும் என்று அழைப்பு வந்தபோது, கூடவே ஒரு குறிப்பும் வந்தது. மேலதிகாரிகளோடு இணக்கமாகப் பணியாற்றுவது பற்றி நாலு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்குமாம். ஆளை மாற்றிக் கூப்பிட்டுவிட்டார்கள். இந்த ஏல நிறுவனத்தின் இசைக்கருவிப் பிரிவில் முப்பத்தோரு வருஷம் மதிப்பீட்டாளராக இருந்தேன். அதில் பாதி நாள் யாரோடாவது சண்டையில் இருந்தேன். சில சண்டைகள் என் முன்கோபத்தால் வந்தவை, ஒப்புக்கொள்கிறேன். இன்று சொல்லப் போவது அந்த வகை இல்லை.

கிடாரின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது, உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டை எப்படிப் படிப்பது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் அதைத் தொடப் போவதில்லை. என்னிடம் வேறு ஒன்று இருக்கிறது. ஒரு மதிப்பு சரியென்று உங்களுக்குத் தெரிகிறது, பக்கத்தில் ஒருவரும் அதை ஏற்கவில்லை, நேரமும் இல்லை. அப்போது என்ன செய்வீர்கள்?

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. சொந்த ஊர் விருத்தாசலம். படிப்பு முடிந்ததும் அங்கே பீங்கான் பட்டறை ஒன்றில் இரண்டு வருஷம் செக்கிங்கில் இருந்தேன். சூளையிலிருந்து வரும் கோப்பையை இடது கையில் ஏந்தி, வலது கை விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டால் எங்கோ கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது, அது கழிவு விலைக்கு விற்கும் செகண்ட்ஸ் குவியலுக்குப் போகும். அந்தக் காதை வைத்துத்தான் பிறகு சென்னையில் இந்த வேலைக்கு வந்தேன். பீங்கான் கோப்பை தட்டியவள் வயலினுக்கு விலை சொல்கிறாள் என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். முகத்துக்கு நேராகவும் பேசினார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, எல்லார் கையிலும் செல்போன் வந்துகொண்டிருந்த வருஷங்கள். விருத்தாசலத்திலிருந்து அஞ்சலை என்ற பெண் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தாள். அப்பா விட்டுப்போன பழைய கிடார் ஒன்று இருக்கிறது, விலை பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தாள். என் ஊர் என்பதால் மேலாளர் என்னையே அனுப்பினார்.

அஞ்சலைக்கு நாற்பது வயது இருக்கும். பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மைகளுக்குப் பிசிறு எடுக்கும் வேலை. நகக்கண்ணெல்லாம் வெள்ளைக் களிமண். சொந்தமாகவும் பொம்மை செய்தாள். ஆனால் அதைச் சுட அவளிடம் சூளை இல்லை. அடுத்தவர் சூளையில் வாடகைக்கு இடம் பிடித்து அடுக்க வேண்டும். அவர்கள் தங்கள் சரக்கை நல்ல இடத்தில் வைத்துவிட்டு, அவளுடையதைத் தீ சரியாக எட்டாத ஓரத்தில் தள்ளிவிடுவார்கள். பாதிக்குப் பாதி வீணாகும். கேட்டால், பொம்பளைக்கு எதற்குச் சூளை என்பார்கள். பேட்டையில் ஒருவர் தன் சின்ன கேஸ் சூளையை விற்கப் போவதாகச் சொல்லியிருந்தார். அந்த மாதக் கடைசி வரைக்கும் அவளுக்காக வைத்திருப்பதாக வாக்கு. அதை வாங்கத்தான் அவள் கிடாரை விற்க நினைத்தாள்.

கிடாரைக் கொண்டுவந்து பாயில் வைத்தாள். வாஷ்பேசின் வரும் அட்டைப்பெட்டிக்குள் வைக்கோல் வைத்துப் பொதிந்திருந்தாள். எங்கள் ஊரில் உடையக்கூடிய எதையும் அப்படித்தான் கட்டுவார்கள். வெளியே எடுத்ததும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அளவான உடல், மெல்லிய மேல்பலகை, உள்ளே ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர் ஒருவரின் சீட்டு, அதில் மையால் எழுதிய எண். அந்த மனிதர் செய்த கிடார்கள் உலகம் முழுவதும் எண்ணிச் சொல்லும் அளவுக்குத்தான் மிஞ்சியிருந்தன. பழக்க தோஷத்தில் விரல் முட்டியால் மேல்பலகையைத் தட்டிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் மட்டும் மந்தமாகக் கேட்டது. பழைய விரிசல், உள்ளே சிறு கட்டை வைத்து ஒட்டியிருந்தார்கள். பீங்கானாக இருந்தால் குவியலுக்குப் போயிருக்கும். கிடாரில் அப்படி இல்லை. ஒழுங்காக ஒட்டிய விரிசலைச் சொல்லி விற்றால் யாரும் பெரிதுபடுத்துவதில்லை.

என்னை உறுத்தியது வேறு. மேல்பலகையில், தந்திகள் கட்டும் பாலத்துக்குக் கீழே, ஒரு ரூபாய் அகலத்துக்குச் செம்மஞ்சள் கறை. அதிலிருந்து வால் மாதிரி ஒரு கோடு வழிந்து ஓரம் வரை போயிருந்தது. கைப்பையிலிருந்து பஞ்சை எடுத்து, ஈரப்படுத்தி, துடைக்கக் குனிந்தேன். அஞ்சலை என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"அதத் தொடாதீங்கக்கா. அது எங்கப்பா வச்ச பொட்டு."

"பொட்டா?"

"சூளையில வேல செஞ்சவரு இல்ல. ஆயுத பூஜைக்குச் சூளைக் கம்பி, கரண்டி எல்லாத்தோடவும் இதையும் வச்சுப் பொட்டு வப்பாரு. அவரு போனப்புறம் நான் வக்கிறேன்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. அறுபது எழுபது வருஷம் பழைய மேல்பலகையில் வருஷா வருஷம் சந்தனத்தையும் குங்குமத்தையும் குழைத்து அப்பியிருக்கிறார்களே என்று மனதுக்குள் திட்டினேன். ஆனால் பொருள் அவளுடையது. பஞ்சைப் பைக்குள் போட்டேன்.

நம் மதிப்பீட்டுப் படிவத்தில் எதிரெதிரே இரண்டு கட்டங்கள் இருக்கின்றன, பார்த்திருப்பீர்கள். ஒன்று குறைகள், இன்னொன்று சான்றுகள். நான் குறைகள் கட்டத்தில், விரிசலுக்குக் கீழே, "பூஜைக் கறை" என்று எழுதினேன். பிறகு கேட்டேன், "இது உங்களுதுன்னு காட்ட ஏதாவது பேப்பர் இருக்குதா?"

"பேப்பரு ஒண்ணும் இல்லக்கா. அப்பாவுக்கு ஒரு வெள்ளக்காரரு குடுத்தது. இங்க சூளை கட்ட வந்த இன்ஜினியரு. நான் பொறக்கறதுக்கு முந்தி."

சான்றுகள் கட்டத்தில் "இல்லை" என்று எழுதிவிட்டுக் கிளம்பினேன். பேப்பர் என்றால் அவளுக்குப் பத்திரம், முத்திரைத்தாள். அந்த வார்த்தையைச் சொல்லி நானே அவள் வாயை அடைத்துவிட்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

சென்னைக்கு வந்து படங்களை வெளிநாட்டு நிபுணர் ஒருவருக்கு அனுப்பினேன். பழைய கிடார்களில் அவர் சொல்வதுதான் கடைசிச் சொல். மரியாதையான பதில் வந்தது. வேலைப்பாடு நம்பிக்கை தருகிறது, ஆனால் அந்தக் கைவினைஞரின் பெயரில் போலிச் சீட்டு ஒட்டிய கிடார்கள் பத்துப் பதினைந்து வருஷமாக உலவுகின்றன, அதற்கு முன்பே இந்தக் கிடார் அந்தக் குடும்பத்தில் இருந்தது என்று காட்ட முடிந்தால் மறுபடி எழுதுங்கள் என்றிருந்தார்.

மேலாளர் அதை ஒரு நிமிஷத்தில் படித்து முடித்தார்.

"அப்போ டூப்ளிகேட் மேடம். அலங்காரக் கிடார்னு போட்டு பதினஞ்சாயிரத்துக்கு விடுங்க. கையெழுத்துப் போட்டுக் குடுங்க, கேட்டலாக் வெள்ளிக்கிழமை பிரிண்ட் போகுது."

"டூப்ளிகேட்னு அவர் சொல்லல சார். காட்டுங்கன்னுதான் கேட்டிருக்கார்."

"நீங்கதானே சான்று இல்லைன்னு எழுதியிருக்கீங்க? பாண்டிச்சேரி பார்ட்டி ஒருத்தர் இதைப் பத்தி ஏற்கெனவே விசாரிச்சுட்டார். வித்துட்டுப் போலாம், எதுக்கு இழுக்கறீங்க?"

பாண்டிச்சேரி பார்ட்டி என்றால் பழம்பொருள் வியாபாரி, எங்கள் வாடிக்கையாளர். அவருக்கு எப்படி அதற்குள் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அன்று புதன்கிழமை. பேனாவை மூடி வைத்தேன்.

"பத்து லட்சத்துக்குக் குறைஞ்ச எந்த மதிப்புக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

"அப்போ வேற யாராவது போடுவாங்க."

"போடட்டும். அந்தக் கிடாரை நேர்ல பார்த்தது நான் ஒருத்திதான்."

அவர் முகம் சிவந்தது. என் வேலை பற்றியும் வயது பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னார், அதை இங்கே திருப்பிச் சொல்ல மாட்டேன். விடுப்பு எழுதி அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். பயமில்லாமல் எதிர்த்துப் பேசினேன் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் என் ஒரு சம்பளம்தான்.

வியாழக்கிழமை காலை கோயம்பேட்டில் பஸ் பிடித்து விருத்தாசலம் போய் இறங்கினேன். அஞ்சலை வீட்டு வாசலில் ஒரு கார் நின்றது. உள்ளே நாற்காலியில் பாண்டிச்சேரி வியாபாரி, எதிரே பாயில் கிடார். அவர் கையில் ரூபாய்க் கட்டு. என்னைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கவில்லை.

"வாங்க மேடம். இருவதாயிரம் தரேன்னு சொல்லியிருக்கேன். உங்க ஆபீஸ் போட்டதுக்கு மேலயே. இந்தக் கறைய எடுத்துப் பாலிஷ் போடறதுக்கே எனக்கு அஞ்சாயிரம் ஆகும்."

அஞ்சலை என்னைப் பார்த்தாள். "பதினஞ்சாயிரம்தான் போட்டுருக்காங்களாமே அக்கா. நெசமா?"

"நெசம்தான். மேலாளர் போட்டது. நான் கையெழுத்துப் போடல."

வியாபாரி சிரித்தார். அவரை விட்டுவிட்டு அஞ்சலை பக்கம் உட்கார்ந்தேன். இந்தத் தடவை பேப்பர் இருக்கிறதா என்று கேட்கவில்லை. "இந்தப் பொட்டை அப்பா முதல் தடவை எப்போ வச்சாரு? ஏன் இப்படி வழிஞ்சிருக்குது? உனக்குத் தெரிஞ்சதச் சொல்லு" என்றேன்.

"அந்த வெள்ளக்காரரு இருந்தப்பவே வச்சதுக்கா. சூளை கட்டி முடிச்ச வருஷம் ஆயுத பூஜை. எல்லாத்துக்கும் பொட்டு வக்கிறீங்களே, என் ஆயுதம் இதுதான்னு அவரே கொண்டாந்து வச்சாராம். அப்பா சந்தனத்தத் தண்ணியா கரைச்சுட்டாரு. வழிஞ்சு போச்சு. அப்பாவுக்கு ஒதறல் எடுத்துடுச்சாம். அவரு சிரிச்சுட்டாராம். அதுக்கப்புறம் அந்தப் பொட்டு மேலயேதான் சின்னதா வப்பாரு."

"இதெல்லாம் கதை" என்றார் வியாபாரி.

"கதையா? தோ, போட்டோவுலயே இருக்குதே" என்றாள் அஞ்சலை.

சுவரில், காலண்டருக்கு மேலே. போன தடவை நான் முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்த அதே சுவர். கறுப்பு வெள்ளைப் படம், ஓரத்தில் பூச்சி அரித்திருந்தது. சூளை வாசலில் மாலை, சூளைக் கம்பிகள், தேங்காய். ஒருபக்கம் அரைக்கை சட்டையோடு வெள்ளைக்காரர். மறுபக்கம் வெற்றுடம்போடு அஞ்சலையின் அப்பா. நடுவில் சுவரில் சாய்த்த கிடார். சட்டத்தைக் கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் லென்ஸை வைத்துப் பார்த்தேன். பாலத்துக்குக் கீழே ஒரு கரும்புள்ளி. புள்ளியிலிருந்து வால். வால் நேராக இறங்கி, பாதியில் இடதுபக்கம் சற்று விலகி, ஓரத்தைத் தொட்டிருந்தது. பாயிலிருந்த கிடாரைப் பார்த்தேன். அதே இடம், அதே விலகல். படத்தின் பின்னால் வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: என் கிடாரை என் நண்பருக்குக் கொடுத்துவிட்டுப் போகிறேன். கீழே அவர் பெயரும் தேதியும். போலிகள் உலவத் தொடங்கியதற்கு முப்பது வருஷம் முந்தைய தேதி.

கண்ணில் நீர் வந்துவிட்டது, வெட்கம் இல்லாமல் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஈரப் பஞ்சோடு குனிந்தேனே, அந்தக் கை என் கை. அவள் பிடித்திராவிட்டால் இந்தப் படத்துக்கும் இந்தக் கிடாருக்கும் இருந்த ஒரே தொடர்பை நானே துடைத்துப் போட்டிருப்பேன். இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. அந்த நிறம் பூச்சுக்குள் இறங்கி மரத்தில் ஊறியிருந்தது. யாராவது மேல்பலகையைத் தேய்த்து மறுபடி பாலிஷ் போட்டிருந்தால் வால் மிஞ்சியிருக்காது. ஆகவே அந்த ஆயுத பூஜைக்குப் பிறகு யாரும் இதில் கை வைக்கவில்லை. மதிப்பு ஏறுவதும் இறங்குவதும் அதில்தான் இருக்கிறது.

வியாபாரி ரூபாய்க் கட்டைப் பாயில் வைத்தார். "முப்பதாயிரம். இப்பவே. நான் வெளிய போயிட்டா இந்த ரேட் கிடையாது. மாசக் கடைசிக்கு ரெண்டு நாள்தான் இருக்குது, சூளைக்காரர் காத்திருக்க மாட்டாரு."

சூளைக்காரருக்கு அவள் முப்பதாயிரம் முன்பணமாகக் கொடுத்தால் போதும், சூளை கைக்கு வந்துவிடும். அவள் சம்பாதித்து மிச்சத்தைக் கட்டிவிடுவாள். என்னிடம் இருந்தது ஒரு புகைப்படமும் என் வாய்ச்சொல்லும்தான். நிபுணர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அவளுக்குக் கிடாரும் விலை போகாது, சூளையும் போய்விடும். இந்த இடத்தில் நல்ல வார்த்தை சொல்லி ஆளை இழுக்கக் கூடாது. நீங்களும் இழுக்காதீர்கள்.

"அஞ்சலை, நல்லாக் கேட்டுக்க. என் மேலாளர் இதை நம்பல. வெளிநாட்டுக்காரர் இன்னும் நம்பல. உனக்கு எழுதிக் குடுக்க என்கிட்ட எதுவும் கிடையாது. விரிசல் ஒண்ணு இருக்குது, அதையும் நான் மறைக்க மாட்டேன். இது பத்து லட்சத்துக்கு மேல போகும்னு நான் சொல்றேன். நான் தப்பா இருந்தா நஷ்டம் உனக்குத்தான், எனக்கில்ல. நீதான் சொல்லணும்."

அவள் பாயிலிருந்த பணத்தைப் பார்த்தாள். பிறகு வியாபாரியிடம் கேட்டாள், "வாங்கிட்டுப் போனா பொட்ட அழிச்சுடுவீங்களா?"

"அழிக்காம? அத வச்சுகிட்டு எவன் வாங்குவான்?"

"அப்ப வாணாங்க. போயிட்டு வாங்க" என்றாள். ரூபாய்க் கட்டை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் போகும்போது என்னிடம், உன் வேலை போய்விடும் என்கிற பொருளில் ஏதோ சொன்னார். நான் கதவைச் சாத்தினேன்.

ஜங்ஷன் ரோட்டில் இருந்த பிரௌசிங் சென்டருக்கு ஓடினோம். போகும் வழியில் கரண்ட் போய்விட்டது. ஒன்றரை மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். அஞ்சலை ஒரே ஒரு தடவை, "நம்பித்தான் சொன்னீங்களா அக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கரண்ட் வந்ததும் புகைப்படத்தின் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, புள்ளியும் வாலும் பெரிதாகத் தெரியும்படி வெட்டி, கிடாரின் படத்தோடு பக்கத்தில் வைத்து அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் இருவரும் சென்னைக்குக் கிளம்பினோம். வாஷ்பேசின் பெட்டிக்கும் ஒரு டிக்கெட் எடுத்தாள் அஞ்சலை. "என்னாம்மா, பீங்கானா? ஒடைஞ்சா நான் பொறுப்பில்ல" என்றார் கண்டக்டர். "ஒடையாதுங்க, வைக்கோல் வச்சிருக்குது" என்றாள்.

அலுவலகத்தில் பதில் வந்திருந்தது. நிபுணர் நீளமாக எழுதவில்லை. இது அந்தக் கைவினைஞரின் கிடார்தான், படத்துக்கு நன்றி, தயவு செய்து அந்தக் கறையை ஒருவரும் சுத்தம் செய்ய வேண்டாம் என்று மட்டும் எழுதியிருந்தார். அதை அச்செடுத்து மேலாளர் மேஜையில் வைத்தேன். அஞ்சலையும் பக்கத்தில் நின்றாள். அவர் படித்தார், சாய்ந்து உட்கார்ந்தார். அடிப்படை விலை பத்து லட்சம் என்று கேட்டலாக்கில் மாற்றச் சொன்னார். தோற்றுப்போனவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். படிவத்தை இழுத்துப் பார்த்துவிட்டு, "விரிசலை எடுத்துடுங்க மேடம், வாங்கறவனுக்குத் தெரியவா போகுது" என்றார். முடியாது என்றேன். எல்லாவற்றையும் சொல்லி விற்கிற இடம் என்று பெயர் இருந்தால்தான் பொட்டைப் பற்றி நாம் சொல்வதையும் நம்புவார்கள். விரிசல் கேட்டலாக்கில் அப்படியே இருந்தது.

கிடார் பதினாறு லட்சத்துக்குப் போனது. வாங்கியவர் கிடார் வாசிக்கிறவர். அஞ்சலையைத் தேடி வந்து, பொட்டு வைத்த கதையை அவள் வாயாலேயே கேட்டுக்கொண்டு போனார். விருத்தாசலத்துச் சூளைக்காரர் ஏலம் வரைக்கும் பொறுத்திருக்கவில்லை, மாதக் கடைசி தாண்டியதும் வேறு ஆளுக்கு விற்றுவிட்டார். அஞ்சலை அதைவிடப் பெரியதாக, புதுச் சூளையே வாங்கினாள். இன்று பேட்டையில் நாலு பெண்கள் அவளிடம் இடம் பிடிக்கிறார்கள். யாருடைய பொம்மையும் ஓரத்துக்குப் போவதில்லை. முதல் ஆயுத பூஜைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தாள். சந்தனத்தை வேண்டுமென்றே தண்ணீராகக் கரைத்து, வழியும்படி சூளைக் கதவில் வைத்தாள்.

என்னைச் சுவர்க் கடிகாரப் பிரிவுக்கு மாற்றினார்கள். இரண்டு வருஷம் கடிகாரம் பார்த்தேன், பிறகு அவர்களே திரும்பக் கூப்பிட்டார்கள். வருத்தம் இல்லை. அப்படி ஒரு புதன்கிழமை மறுபடி வந்தாலும் பேனாவை மூடித்தான் வைப்பேன்.

ஒரு வேலை சொல்கிறேன், செய்யுங்கள். கீழ்த்தளத்துக் கோப்பறையில் அந்தக் கிடாரின் படிவம் இன்னும் இருக்கிறது. குறைகள் கட்டத்தில் "பூஜைக் கறை" என்று நான் எழுதி, நானே அடித்திருப்பதைப் பார்ப்பீர்கள். எதிரே சான்றுகள் கட்டத்தில் இருந்த "இல்லை"யையும் அடித்துவிட்டு, "ஆயுத பூஜைப் பொட்டு, இன்னார் வைத்தது" என்று அஞ்சலையின் அப்பா பெயரோடு எழுதியிருப்பேன். மேலாளர் அதைச் சிவப்பு மையில் அடித்து, குறைகளுக்குத் திருப்பி அனுப்பியிருப்பார். அதன் மேல் நீல மையில், முன்னைவிடப் பெரிய எழுத்தில், அதே வரி மறுபடி சான்றுகள் கட்டத்தில் இருக்கும். நீலம் என்னுடையது.